பென்சிலும் நிறத்தாளும்: புதுச்சேரியில் வரைபவர்கள் கேட்கும் கேள்விகள்

கடற்கரைச் சாலையிலோ பாரதி பூங்காவிலோ பழுப்புத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தால், யாராவது பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கேள்வி வரும். புதிதாக நிறத்தாள் வாங்கி ஓரிரு படம் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி மங்கலாக வருகிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சாதாரண கிராஃபைட் பென்சில், வெள்ளைப் பென்சில், நிறத்தாள் என்ற மூன்றைப் பற்றித்தான் பேச்சு. பேஸ்டல், வாட்டர் கலர் எல்லாம் வேறு கதை.

நிறத்தாள் என்பது கலர் சார்ட் பேப்பர்தானே?

இல்லை. பள்ளிக்கூட சார்ட் பேப்பர் வழவழப்பானது. நிறமும் கண்ணைப் பறிக்கும். பென்சில் அதில் சரியாகப் பிடிக்காது, சில மாதத்தில் வெளுத்தும் போகும். கடைகளில் 'டோன்டு பேப்பர்' என்று கேட்டால் கிடைப்பது வரைவதற்கென்றே செய்த, கொஞ்சம் சொரசொரப்பான தாள். சாம்பல், மணல் பழுப்பு, மங்கிய நீலம் என்று அடங்கிய நிறங்களில் வரும். அதிக வெளிச்சமும் இல்லாமல் அதிக இருட்டும் இல்லாமல் நடுவில் நிற்கும் நிறம் அது.

அந்த நடுநிலைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வெள்ளைத் தாளில் தாள்தான் படத்தின் அதிகபட்ச வெளிச்சம், அங்கிருந்து இருட்டை நோக்கி மட்டுமே போக முடியும். நிறத்தாளில் நடுவிலிருந்து தொடங்கி, பென்சிலால் ஒரு பக்கமும் வெள்ளையால் மறுபக்கமும் போகிறோம். நடுவில் உள்ள வேலையைத் தாளே செய்துவிடுகிறது. வெள்ளைத் தாளில் பழகிய கை அதை நம்பாமல் முழுத் தாளையும் நிரப்பப் பார்க்கும். கீழே வரும் சிக்கல்களில் பாதி அந்தப் பழக்கத்திலிருந்து பிறப்பவை.

எந்த நிறம் முதலில் வாங்கலாம்?

நம் ஊரை வரைவதென்றால் எதை வரையப் போகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை போட்ட ஜன்னல்கள் என்றால் பழுப்புத் தாள் சுவரின் வேலையைப் பாதி முடித்துவிடும். ஜன்னல் ஓரத்துக்கு வெள்ளை, பலகைக் கதவின் இடுக்குகளுக்குப் பென்சில், அவ்வளவுதான். அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள் சாம்பல் சுவரும் வெள்ளை ஓரமுமாக இருப்பதால் சாம்பல் தாளுக்கென்றே பூசிய மாதிரி இருக்கும். கடற்கரைப் பாறைகளுக்கும் அலைநுரைக்கும்கூட சாம்பல்தான் சரி.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு சாம்பலுக்கு. கிராஃபைட்டும் சாம்பல்தான் என்பதால் இரண்டும் சண்டை போடாது. பழுப்பு அழகாக இருக்கும், ஆனால் அதில் செய்யும் பிழை பளிச்சென்று தெரியும். கறுப்புத் தாள் இந்தக் கணக்கிலேயே வராது. அதில் கிராஃபைட் கறுப்பாகத் தெரியாமல் வெள்ளி மாதிரி மின்னும், வெளிச்சத்தை மட்டும்தான் வரைய முடியும்.

இங்கே கிடைக்குமா, ஆன்லைனில்தான் வாங்க வேண்டுமா?

பெரிய ஸ்டேஷனரி கடைகளில் ஸ்கெட்ச் புத்தகமாகவோ தனித் தாளாகவோ கிடைக்கும். கடலூரில் கிடைக்கவில்லையென்றால் புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் போதும். வெளிநாட்டுத் தாள்களில் ஸ்டிராத்மோரின் டோன்டு வரிசை 118 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) கனம், பென்சிலுக்கு நல்ல தோழன். கான்சன் மி-டெயின்ட் 160 ஜி.எஸ்.எம்., இரண்டு பக்கமும் இரண்டு விதம். ஒரு பக்கம் தேன்கூடு போலக் குழிக்குழியாக இருக்கும், அது பேஸ்டலுக்கானது. பென்சிலுக்கு மறுபக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தெரியாமல் குழிப்பக்கத்தில் முகம் வரைந்துவிட்டு, அம்மைத் தழும்பு போல் வருகிறது என்று வருத்தப்படுபவர்கள் அதிகம்.

உள்ளூரிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதக் கூடம் 1959 முதல் இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் தாள்கள். வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். பூ இதழ், நார் எல்லாம் பதித்த தாள் பரிசுப் பொட்டலத்துக்கு அழகு, ஷேடிங்குக்கு ஆகாது. ஒரே நிறமாக, மேடு பள்ளம் குறைவாக உள்ளதை எடுங்கள். கைவினைத் தாளில் ரப்பரை அழுத்தித் தேய்த்தால் நார் கிளம்பும், அந்த இடத்தில் பென்சில் திட்டுத்திட்டாக ஏறும்.

பழக மட்டும் வேண்டுமென்றால் பார்சல் சுற்றும் பிரவுன் பேப்பர் போதும், சொரசொரப்பான பக்கத்தில்.

வெள்ளைப் பென்சிலை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது?

இதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் தெரிந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

"வெள்ளையாக இருக்கும் பொருளுக்கு வெள்ளை" என்பதுதான் பொதுவாகச் செய்யும் தவறு. வெள்ளை, தாளைவிட வெளிச்சமான இடத்துக்கு மட்டுமே. பாரதி பூங்கா நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது, முழுக்க வெள்ளை. வெயில் நேராக விழும் தூண் பக்கம் தாளைவிட வெளிச்சம், அங்கே வெள்ளை போடலாம். நிழலில் இருக்கும் பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புதான், ஆனால் நம் கண்ணுக்கு அது தாளின் அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் இருட்டாகவோ இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். வளைவுக்கு அடியில், மேற்கூரை உட்புறத்தில் பென்சில். முழு மண்டபத்துக்கும் வெள்ளை பூசினால் அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி தட்டையாக நிற்கும்.

வெள்ளை வேட்டிக்கும் இதே விதிதான். மடிப்பின் முகட்டில் வெள்ளை, சரிவில் வெறும் தாள், உள்மடிப்பில் மெல்லிய பென்சில்.

எது தாளைவிட வெளிச்சம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் நிற்கும். அப்போது வரையும் தாளைப் பொருளுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து ஒப்பிடுங்கள். தாள் நிழலிலும் பொருள் வெயிலிலும் இருந்தால் ஒப்பீடு ஏமாற்றும், அதை மட்டும் கவனியுங்கள். செல்போனில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் உதவும்.

தொடங்கும் முன் தாளின் ஓரத்தில் ஐந்து சின்னக் கட்டங்கள் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அழுத்திய பென்சில், லேசான பென்சில், வெறும் தாள், லேசான வெள்ளை, அழுத்திய வெள்ளை. உங்களிடம் உள்ளது இந்த ஐந்துதான். அழுத்திய வெள்ளையைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். ஆரம்பத்திலேயே செலவழித்துவிட்டால் கண்ணில் மின்னும் புள்ளிக்கு ஒன்றும் மிஞ்சாது.

பென்சிலும் வெள்ளையும் சேரும் இடம் ஏன் அழுக்கு நீலமாகிறது?

கிராஃபைட்டும் வெள்ளையும் கலந்தால் குளிர்ந்த சாம்பல் வரும். அது சூடான பழுப்புக்குப் பக்கத்தில் இருக்கும்போது இன்னும் நீலமாகத் தெரியும். சாம்பல் தாளில் இந்தக் கோளாறு குறைவு, பழுப்பில் மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்கும். முகத்தில் வந்தால் ஆள் காய்ச்சலில் படுத்தவர் போல ஆகிவிடுவார்.

வெள்ளைத் தாளில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் வழி முழுவதையும் பென்சிலால் இழைக்கிறோம். அதே பழக்கத்தில் இங்கேயும் வெள்ளையை இழுத்துக்கொண்டு போய் நிழலோடு கோர்க்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். நிழலைப் பென்சிலால் மங்கவைத்து நிறுத்துங்கள். வெளிச்சத்தை வெள்ளையால் மங்கவைத்து நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் தாள் வெறுமையாக இருக்கட்டும், அந்த இடைவெளிதான் நடுச்சாயல். கூர்மையான விளிம்பு உள்ள இடத்தில், உதாரணமாக வெயில் சுவருக்குப் பின்னால் இருண்ட கதவு என்றால், இரண்டும் தொட்டுக்கொள்ளலாம். உருண்டையான பொருளில் தொடவே கூடாது.

முதலில் பென்சில் வேலையை முடித்துவிட்டு, வெள்ளை போகும் இடத்தில் தப்பி விழுந்த தூளை நீடட் ரப்பரால் (மாவு போலப் பிசையக்கூடிய மெத்தென்ற ரப்பர்) ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் வெள்ளையைத் தொடுங்கள். வெள்ளைப் பென்சில் முனையில் கிராஃபைட் ஒட்டியிருந்தால் அதுவும் அழுக்குதான். அவ்வப்போது வேறு தாளில் தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

8பி வைத்து அழுத்தினாலும் கறுப்பு வரவில்லை. பளபளவென்று மின்னுகிறது. ஏன்?

கிராஃபைட்டின் குணம் அது. அதன் துகள்கள் தட்டையான செதில்கள். அழுத்த அழுத்த அவை தாளோடு படிந்து கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிக்கும். 1795இல் பிரான்சின் கோன்டே கிராஃபைட் தூளோடு களிமண் சேர்த்துச் சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் களிமண் கூடினால் கடினமான எச், குறைந்தால் மென்மையான, கறுத்த பி. அதாவது 8பியில் கிராஃபைட்தான் அதிகம், ஆகவே மினுமினுப்பும் போகாது.

நிறத்தாளில் இது கூடுதலாக உறுத்தும். தாளே நடுச்சாயலில் இருப்பதால் கறுப்புக்கும் தாளுக்கும் உள்ள தூரம் ஏற்கெனவே பாதி. அதிலும் மினுமினுப்பு வந்தால் சில கோணத்தில் உங்கள் 'கறுப்பு' தாளைவிட வெளிச்சமாகவே தெரியும். ஆகவே அழுத்தாமல், 2பி, 4பி, 6பி என்று மெல்லிய அடுக்குகளாக, திசை மாற்றி ஏற்றுங்கள். மிக இருண்ட இடங்களுக்கு மட்டும் சார்கோல் (கரி) பென்சிலோ கார்பன் கலந்த பென்சிலோ எடுங்கள். ஸ்டேட்லரின் லூமோகிராஃப் பிளாக் போன்றவை மினுக்காமல் கறுக்கும். கார்பனை முதலில் போடுங்கள். மினுங்கும் கிராஃபைட் மேல் சார்கோல் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும்.

எச் வகைப் பென்சில்களை மூடிவைத்துவிடலாம். சாம்பல் தாளில் 2எச் கோடு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும்.

எந்த வெள்ளைப் பென்சில் நல்லது?

இரண்டு குடும்பங்கள். கலர் பென்சில் பெட்டியில் வரும் வெள்ளை மெழுகோ எண்ணெயோ கலந்தது. உதிராது, முனை கூராக நிற்கும், ஆனால் வெளிச்சம் குறைவு, லேசில் அழியாது, அதன் மேல் கிராஃபைட் வழுக்கும். இன்னொன்று சுண்ணாம்புத் தன்மை உள்ளது. 'ஒயிட் சார்கோல்', வெள்ளைப் பேஸ்டல் பென்சில் என்று விற்பார்கள். ஒயிட் சார்கோலில் கரி எதுவும் இல்லை, பெயர்தான் அப்படி. இது நன்றாக வெளுக்கும், ரப்பரால் எடுக்கலாம். ஆனால் உதிரும், சீவும்போது முனை முறியும்.

ஷேடிங்குக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். பெரிய பரப்புக்கு அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்த்து, கண், மூக்குநுனி, பாத்திரத்தின் மினுப்பு போன்ற புள்ளிகளுக்கு மட்டும் வெள்ளை ஜெல் பேனா. ஜெல் பேனாவை நிறைய பயன்படுத்தினால் படம் கல்யாணப் பத்திரிகை போல மினுங்கும், ஜாக்கிரதை.

யூடியூப் பார்த்து அப்படியே செய்தேன். தாத்தா முகம் சாம்பல் பூசிய மாதிரி வந்தது. என்ன பிரச்சினை?

பிரச்சினை உங்கள் கையில் இல்லை. அந்தப் பாடங்களில் பெரும்பாலும் வெளிர்நிற முகங்கள். அவற்றுக்குப் பழுப்புத் தாள் நிழல்பக்கச் சாயல். ஆகவே கன்னம், நெற்றி, மூக்கு என்று தாராளமாக வெள்ளை ஏறும். நம் ஊர்க் கறுத்த முகத்துக்கு அதே தாள் பெரும்பாலும் வெளிச்சப் பக்கத்தின் சாயல். கணக்கே ஒரு படி இறங்கிவிடுகிறது.

வெயில் படும் கன்னத்துக்கு வெறும் தாள் அல்லது மிக லேசான பென்சில். திரும்பும் பக்கத்துக்கு நடுத்தரப் பென்சில், தாடையின் கீழும் கண்குழியிலும் ஆழமான இருட்டு. வெள்ளைக்கு மிஞ்சுவது மிகச் சில இடங்கள்: நெற்றி மேடு, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதட்டின் ஈரம். கறுத்த தோலில் இந்த ஒளிப்பட்டைகள் சின்னதாக, ஓரம் தெளிவாக இருக்கும். வியர்வை இருந்தால் இன்னும் தெளிவு. திறந்த வானத்தின் கீழ் அவை கொஞ்சம் நீலமாகவே தெரியும், ஆகவே பழுப்பில் வெள்ளை குளிர்ச்சியாகத் தெரிவது இங்கே நமக்குச் சாதகம். மீனவப் பெரியவரின் நரைத்த தாடி, பாட்டியின் விபூதி என்று வரும்போதுதான் வெள்ளைக்கு உண்மையான வேலை. அவை நிற்க வேண்டுமென்றால் கன்னத்தில் வெள்ளை இருக்கக்கூடாது.

எனக்குப் பிடித்தது நடுத்தரத்தைவிட ஒரு படி இருண்ட பழுப்பு. கறுத்த முகங்களுக்கு அதில் தாள் கூடுதலாக உழைக்கிறது.

அழித்தால் தடம் தெரிகிறதே?

வெள்ளைத் தாளில் லேசான தடத்தைக் கண் மன்னித்துவிடும். நிறத்தாளில் அழித்த இடம் வெளிறியோ பளபளத்தோ நிற்கும், அதன்மேல் பென்சிலும் வேறு மாதிரி ஏறும். சில தாள்களில் நிறம் மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால் ரப்பரோடு வந்துவிடும். வாங்கியதும் ஒரு மூலையில் தேய்த்துச் சோதியுங்கள். அளவு, கோணம் எல்லாம் சாதாரணத் தாளில் சரிசெய்து முடித்துவிட்டு, எச்பியால் மெல்லக் கோடு மாற்றிக்கொள்வது நல்லது. நீடட் ரப்பரைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

விரலால் தேய்த்துக் கலக்கலாமா?

வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் விரலில் எப்போதும் எண்ணெயும் வியர்வையும் இருக்கும், தாளில் கறை பதியும். பேப்பர் ஸ்டம்ப் (தாளை இறுக்கிச் சுருட்டிய குச்சி) போதும். கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, மாற்றிவிடாதீர்கள். கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் எப்போதும் இருக்கட்டும்.

வெளியில் உட்கார்ந்து வரைய எந்த நேரம் நல்லது?

கிழக்கே கடல், ஆகவே காலையில் வெளிச்சம் தாழ்வாக நேரே ஊருக்குள் வரும். துய்மா வீதி, ரோமன் ரோலண்டு வீதி மாதிரி கடலுக்கு இணையாக ஓடும் தெருக்களில் காலையில் மேற்கு வரிசை வீடுகளின் முகப்பில் வெயில், பிற்பகலில் கிழக்கு வரிசைக்கு மாறும். இரண்டு நேரத்திலும் நிழல் நீளமாக விழும், நிறத்தாளுக்கு அதுதான் விருந்து. உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும், நிறத்தாள் கூசாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் இதற்கு மாறுகிறார்கள்.

வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையைக் குறித்துவிட்டு, அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பாறைகளை வரைந்தால் ஈரப்பாறையை முதலில் கறுக்கவையுங்கள். பிறகு நுரைக்கு வெள்ளை கொஞ்சம் போட்டாலே போதும், பக்கத்துக் கறுப்பு அதைத் தூக்கிக் காட்டும். கடற்காற்றில் மெல்லிய தாள் நமத்துப்போய் வளையும், பென்சிலும் சரியாக ஏறாது. பேட்டின் நான்கு மூலையிலும் கிளிப் போட்டு, வரையாத நேரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.

நானே தாளுக்கு நிறம் ஏற்றலாமா? டீத்தூள், காபி?

தாராளமாக. பழைய ஓவியர்களும் செய்ததுதான். வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள, ஜெர்மன் ஓவியர் டியூரரின் 'கூப்பிய கைகள்' 1508இல் வரையப்பட்டது. நீலம் ஏற்றிய தாளில் தூரிகையும் மையும், மேலே வெள்ளை. பென்சில் இல்லைதான், ஆனால் தாளை நடுச்சாயலாக விடும் பாடம் அதில் முழுதாக இருக்கிறது. வெனிசில் நீலத் துணிக் கந்தலிலிருந்தே நீலத்தாள் செய்தார்கள். அவுரிச் சாயம் போட்ட நீலத் துணியை ஆப்பிரிக்கா வரை கப்பலேற்றிய ஊர் நம்முடையது. இங்கே நீலத்தாளில் வரைபவர்கள் குறைவாக இருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

டீ, காபிச் சாயம் காலப்போக்கில் நிறம் மாறும், பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலைக்க வேண்டுமென்றால் 300 ஜி.எஸ்.எம். வாட்டர் கலர் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் பொருத்தி, பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்த நீர்த்த வண்ணத்தை அகலத் தூரிகையால் ஒரே மூச்சில் இழுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வரையுங்கள். தூரிகைத் தடம் கொஞ்சம் தெரிந்தால் அதுவும் அழகு.

ஃபிக்ஸேட்டிவ் (படம் உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடித்தால் வெள்ளை காணாமல் போகிறதே?

சுண்ணாம்புத் தன்மை உள்ள வெள்ளை, ஸ்ப்ரே பட்டதும் ஈரத்தில் ஒளி ஊடுருவி மங்கிவிடும். காய்ந்த பின்னும் முழுதாகத் திரும்பாது. பென்சில் வேலை முடிந்ததும் லேசாக ஸ்ப்ரே செய்து, காய்ந்த பிறகு வெள்ளையைப் போட்டு, அதற்குமேல் அடிக்காமல் விடுங்கள். காசு மிச்சம் என்று ஹேர் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. நாளாக நாளாக மஞ்சளாகும், வைத்திருக்க வேண்டிய படத்துக்கு வேண்டாம்.

செல்போனில் எடுத்தால் தாளின் நிறமே மாறிவிடுகிறது?

கேமரா தானாக வெள்ளைச் சமநிலை தேடும். தாள் முழுக்கப் பழுப்பு என்றால் அதைச் 'சரிசெய்து' சாம்பலாக்கிவிடும். படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து எடுங்கள். பிறகு அந்த வெள்ளையை வைத்து நிறத்தைச் சரிசெய்து, ஓரத்தை வெட்டிவிடலாம். நேர்வெயில், ஃபிளாஷ் இரண்டும் கிராஃபைட்டை மினுக்கவைக்கும். வாசல் நிழலில், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி வைத்து எடுங்கள்.

மழைக்காலத்தில் படங்களை எப்படிப் பாதுகாப்பது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் தாளுக்குச் சோதனைக் காலம். படங்களுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, தட்டையான ஃபைலில், தரையில் படாமல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், ஈரம் குடித்து முடித்தால் மாற்றுங்கள். சட்டம் போடுவதென்றால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மழை விட்டு வெயில் வந்த முதல் நாள் ஃபைலைத் திறந்து நிழலில் காற்றாட வைத்துவிட்டு, பூஞ்சைப் புள்ளி விழுந்த தாள் இருந்தால் அதை மட்டும் தனியே பிரித்து வையுங்கள்.